வக்கீலும் இயந்திரமும்

வக்கீல் தொழிலில் இன்று ஒரு பெரிய மாறுதல் ஏற்பட்டு வருகின்றது. பத்து ஜூனியர் வக்கீல்கள் உட்கார்ந்து மாதக்கணக்கில் படித்துப் பார்த்து வந்த தஸ்தாவேஜுகளை ஒரு கம்ப்யூட்டர் சில மணி நேரத்தில் படித்து, வேண்டியது இன்னது, வேண்டாதது இன்னது என்று பிரித்துக் கொடுத்துவிடுகின்றது. வக்கீல்களைத் தவிர வேறு யாரும் வக்கீல் கம்பெனிக்குச் சொந்தக்காரராக இருக்கக் கூடாது என்று நெடுங்காலமாகக் காத்து வந்த விதிகளை இங்கிலாந்து, ஆஸ்திரேலியா முதலிய தேசங்கள் தாங்களாகவே தளர்த்திவிட்டன. இவைகளைப் பற்றி வக்கீல்கள் மகாநாடு கூட்டிப் பேசுகிறார்கள். முதலாளிகள் கணக்குப் போட்டுப் பார்க்கிறார்கள். ஜட்ஜுகள் எச்சரிக்கை செய்கிறார்கள். ஆனால் காகிதக் கட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கோர்ட்டு வாசலில் நிற்கின்ற கட்சிக்காரரைக் கூப்பிட்டு, இதில் உமக்கு என்ன அனுகூலம் என்று கேட்டவர்களைத்தான் காணோம்.

ஆகவே நாம் அவர் பக்கத்தில் நின்று ஒரே ஒரு கேள்வியைக் கேட்க விரும்புகின்றோம். இயந்திரத்தினால் வக்கீலுக்கு வேலை குறைகின்றது. வேலை குறைந்தால் செலவும் குறைய வேண்டும். அப்படி மிச்சமாகின்ற பணம் யாருக்குப் போய்ச் சேருவது? வக்கீலுக்கா? வக்கீல் கம்பெனியில் பணம் போட்ட முதலாளிக்கா? அல்லது வழக்குக்காரருக்கா? இக்கேள்விக்கு ஒழுங்கான பதில் சொல்லாத எந்தச் சீர்திருத்தமும், அது எவ்வளவு புதிய இயந்திரத்தைக் கொண்டு வந்தாலும், ஏழை மக்களைப் பொறுத்தவரை புது மொந்தையில் ஊற்றிய பழைய கள்தான் என்பது நமது அபிப்பிராயம்.

நமது கிராமங்களில் ஒரு காலத்தில் நெல்லை உலக்கையால்தான் குத்தினார்கள். ஒரு மூட்டை குத்த இவ்வளவு நேரமாகும், அதற்கு இவ்வளவு கூலி என்று கணக்கு இருந்தது. பிறகு ரைஸ் மில் வந்தது. மில்லுக்காரர் ஒரு மூட்டையைக் கொஞ்ச நேரத்தில் அரைத்துக் கொடுத்துவிட்டு, உலக்கை பிடித்துக் குத்திய காலத்துக் கூலியைக் கேட்டிருந்தால் யாராவது கொடுத்திருப்பார்களா? பக்கத்து ஊர் மில்லுக்கு மூட்டையைத் தூக்கிக்கொண்டு போயிருப்பார்கள். வக்கீல் விஷயத்தில் மாத்திரம் அப்படிப் போக முடியாமலிருப்பதற்குக் காரணம் என்ன? போக வழியில்லாமல் வேலி போட்டு வைத்திருப்பதுதான் காரணம். அந்த வேலியின் கதையை முதலில் பார்ப்போம்.

வேலி போட்ட கதை

நமது கோர்ட்டுகளும், வக்கீல் தொழிலுக்குள்ள விதிகளும் பெரும்பாலும் வெள்ளைக்காரர் ஏற்படுத்திய முறையிலிருந்து வந்தவைகளேயாகும். சென்னை ஐக்கோர்ட்டு 1862-ல் அவர்கள் ஏற்படுத்தியது. ஆதலால் இங்கிலாந்திலும், அதே முறையைப் பின்பற்றிய அமெரிக்காவிலும் இத்தொழில் எப்படி நடந்தது, இப்போது எப்படி மாறுகின்றது என்று தெரிந்துகொள்வது நமக்குச் சம்பந்தமில்லாத வேலையல்ல.

அமெரிக்காவில் வர்ஜீனியா மாகாணத்தில் 1971-ல் ஒரு தம்பதிகள் வீடு வாங்க ஏற்பாடு செய்தார்கள். வில்லங்கம் பார்த்துக் கொடுக்க ஒரு வக்கீலிடம் போனார்கள். வக்கீல் சங்கத்தார் போட்டு வைத்திருந்த பீசு அட்டவணைப்படி, சொத்தின் விலையில் நூற்றுக்கு ஒன்று வீதம் கொடுக்க வேண்டும் என்று அவர் சொன்னார். இதைவிடக் குறைத்து வாங்குபவர் உண்டா என்று அத்தம்பதிகள் வேறு 36 வக்கீல்களுக்குக் கடிதம் எழுதினார்கள். 19 பேர் பதில் எழுதினார்கள். அந்த 19 பேரில் ஒருவராவது அட்டவணைக்குக் குறைத்து வாங்குவதாக எழுதவில்லை. வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரையில் போய், 1975-ல்தான் இந்த அட்டவணை வியாபாரப் போட்டியைத் தடுக்கும் சட்டவிரோதமான கட்டுப்பாடு என்று தீர்ப்பாயிற்று. எங்களுடையது வித்தை சார்ந்த தொழில், வியாபாரச் சட்டம் எங்களைக் கட்டாது என்று வக்கீல் சங்கத்தின் சார்பாகச் செய்யப்பட்ட வாதம் அங்கே செல்லுபடியாகவில்லை.

அதற்கு அடுத்தாற்போல், அரிஜோனா மாகாணத்தில் இரண்டு இளம் வக்கீல்கள், சாதாரண ஜனங்களுக்குக் குறைந்த பீசில் வேலை செய்து கொடுப்பதாக 1976-ல் பத்திரிகையில் விளம்பரம் செய்தார்கள். இன்ன வேலைக்கு இவ்வளவு என்று விலையையும் போட்டார்கள். அவர்கள் பேரில் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கப்பட்டது. செய்த குற்றம் என்ன? பொய் சொன்னார்களா? கட்சிக்காரர் பணத்தைத் தின்றார்களா? ஒன்றுமில்லை. பீசு இவ்வளவு என்று பகிரங்கமாகச் சொன்னதுதான் குற்றம்! 1977-ல் சுப்ரீம் கோர்ட்டு அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்ன பிறகே அந்தத் தேசத்தில் வக்கீல்கள் விளம்பரம் செய்யும் உரிமை ஏற்பட்டது.

மணியை விற்ற வியாபாரம்

நிற்க, பீசு வாங்கும் முறையைக் கவனிப்போம். அமெரிக்க வக்கீல் சங்கம் 1958-ல் ஒரு சிறு புஸ்தகம் வெளியிட்டது. பல் வைத்தியர், மருத்துவர் வருமானமெல்லாம் உயர, வக்கீல் வருமானம் மாத்திரம் பின்தங்கிவிட்டது, ஆதலால் ஒவ்வொரு வக்கீலும் தாம் வேலை செய்யும் நேரத்தைக் குறித்து வைத்துக்கொண்டு அந்தக் கணக்குப்படி வசூலிக்க வேண்டும் என்பது அதன் யோசனை. வருஷத்துக்குச் சுமார் 1,300 மணி நேரம் கூலிக்குரிய நேரமாகக் கிடைக்கும் என்று அதில் கணக்குச் சொல்லப்பட்டது. இன்றோ பெரிய கம்பெனிகளில் ஒரு ஜூனியர் வக்கீல் வருஷத்துக்கு 1,800 மணி, 2,000 மணி என்று கணக்குக் காட்ட வேண்டியதாயிருக்கின்றது. நியூயார்க்கில் தலைசிறந்த கம்பெனிகளின் கூட்டாளிகள் சிலர் மணி ஒன்றுக்கு 2,000 டாலருக்கு மேலாகவே வாங்குகிறார்கள்.

இம்முறையில் உள்ள கோளாறு யாருக்கும் விளங்கக் கூடியதே. கிணறு வெட்டுகிறவனுக்கு ஆழத்துக்குக் கூலி கொடுக்காமல் நாளுக்குக் கூலி கொடுத்தால் தண்ணீர் சீக்கிரம் வருமா? சுறுசுறுப்பாய் வேலை செய்கிற வக்கீலுக்குக் கூலி குறைவு; இழுத்தடிக்கிறவருக்குக் கூலி அதிகம் என்றால், இழுத்தடிப்பதற்குச் சம்மானம் கொடுப்பதாகத்தானே அர்த்தம்? வக்கீல்கள் எல்லோரும் இழுத்தடிக்கிறார்கள் என்று நாம் சொல்லவில்லை. யோக்கியமான வக்கீலையும் நஷ்டப்படுத்தக் கூடிய முறை இது என்றே சொல்லுகின்றோம்.

இயந்திரம் செய்கிற வேலை

இப்படி மணியை விற்று நடந்து வந்த வியாபாரத்தில்தான் இயந்திரம் வந்து புகுந்திருக்கின்றது. பெரிய வழக்குகளில் லட்சக்கணக்கான கடிதங்களைச் சலித்தெடுக்கக் கம்ப்யூட்டரை உபயோகிக்கலாம் என்று 2012-ல் நியூயார்க்கில் ஒரு கோர்ட்டும், 2016-ல் லண்டன் ஐக்கோர்ட்டும் ஒப்புக்கொண்டன. 2017-ல் ஜே. பி. மார்கன் என்னும் பெரிய பாங்கி, கடன் ஒப்பந்தங்களைப் படித்துப் பார்க்க ஒரு கம்ப்யூட்டர் முறையை ஏற்படுத்தியது. வக்கீல்களும் கடன் அதிகாரிகளுமாகச் சேர்ந்து வருஷத்துக்கு 3,60,000 மணி நேரம் செய்து வந்த வேலையை அது சில விநாடிகளில் செய்வதாக அப்போது சொல்லப்பட்டது. 2022 கடைசியில் சாட்ஜிபிடி வெளிவந்தது. மறு வருஷம் பிப்ரவரியிலேயே ஆலன் அண்ட் ஓவரி என்னும் லண்டன் கம்பெனி, தன்னுடைய வக்கீல்கள் சுமார் 3,500 பேருடைய உபயோகத்துக்கு, அதே விதமாக எழுதிக் கொடுக்கும் இயந்திரம் ஒன்றை ஏற்பாடு செய்துகொண்டது.

இதில் நமது நாட்டுப் பிள்ளைகளின் பிழைப்பும் கலந்திருக்கின்றது. சுமார் இருபத்தைந்து வருஷ காலமாக, மேல்நாட்டு வக்கீல் கம்பெனிகள் தஸ்தாவேஜு படிக்கும் வேலையைக் குறைந்த கூலிக்குச் செய்விக்கச் சென்னைக்கும், மும்பைக்கும், தில்லியை அடுத்த ஊர்களுக்கும் அனுப்பி வந்தன. நமது சட்டக் கல்லூரியில் படித்த பிள்ளைகள் இரவெல்லாம் கண் விழித்து, காணாத தேசத்தின் வழக்குக் காகிதங்களைப் படித்துக் கொடுத்தார்கள். இன்று இயந்திரம் முதலில் கை வைப்பது அந்த வேலையிலேதான். கூலி மலிவு என்ற ஒரே காரணத்துக்காக வந்த வேலை, அதைவிட மலிவாய் ஒன்று கிடைத்தால் நிற்குமா? ஆதலால் அப்பிள்ளைகள் படிக்கும் வேலையோடு நின்றுவிடாமல், இயந்திரம் படித்ததைச் சோதித்துப் பிழை கண்டுபிடிக்கும் யோக்கியதையை அடைய வேண்டியவர்களாயிருக்கிறார்கள். அதற்கு ஏற்றபடி பாடத்தை மாற்றுவது சட்டக் கல்லூரிகளின் கடமை.

சரி, மேல்நாட்டில் மிச்சமான மணிகளுக்கு என்ன கதி? அமெரிக்க வக்கீல் சங்கமே 2024 ஜூலையில் இதைப் பற்றி ஒரு அபிப்பிராயம் வெளியிட்டிருக்கின்றது. மணிக்கணக்கில் பீசு வாங்குகிற வக்கீல் இயந்திரத்தைக் கொண்டு கால் மணியில் ஒரு மனு எழுதினால், அந்தக் கால் மணிக்கும், எழுதியதைச் சரிபார்த்த நேரத்துக்கும் மாத்திரம் பீசு கேட்கலாமேயொழிய, கையால் எழுதியிருந்தால் ஆகியிருக்கும் நேரத்துக்குக் கேட்கக் கூடாது என்பது அதன் சாரம். மொத்தமாகப் பேசிய பீசும் இயந்திரத்தினால் வேலை வெகுவாகக் குறைந்த இடத்தில் நியாயமில்லாததாகிவிடலாம் என்றும் அதில் சொல்லப்பட்டிருக்கின்றது. 1958-ல் மணியை எண்ணச் சொல்லிக் கொடுத்த அதே சங்கத்தின் வாயிலிருந்து இது வந்திருப்பது கவனிக்கத்தக்கது. ஆனால் இது யோசனையே தவிர, யாரையும் கட்டுப்படுத்தும் சட்டமல்ல. கால் மணியில் முடிந்ததா, ஆறு மணியில் முடிந்ததா என்பது வக்கீலுக்குத் தெரியும். கட்சிக்காரருக்கு எப்படித் தெரியும்? சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்கிற பழமொழி இங்கே நன்றாய்ப் பொருந்தும்.

கதவைத் திறந்த இங்கிலாந்து

இங்கிலாந்தில் வேறொரு வழியைக் கையாண்டார்கள். வக்கீல் தொழிலை ஆராய்ந்து சர் டேவிட் கிளமென்டி என்பவர் 2004 டிசம்பரில் ஒரு அறிக்கை கொடுத்தார். அதையொட்டி 2007-ல் சட்ட ஊழியச் சட்டம் என்ற ஒன்று ஏற்பட்டது. அதன்படி, வக்கீலல்லாதவர்களும் வக்கீல் கம்பெனிக்குச் சொந்தக்காரராகலாம்; ஆனால் லைசென்சு வாங்க வேண்டும், விசாரணைக்கு உட்பட வேண்டும். 2012 மார்ச்சில் முதல் முதலாகச் சாலிசிட்டர் ஒழுங்கு அதிகாரிகள் கொடுத்த லைசென்சுகளில் ஒன்று, கூட்டுறவுச் சங்கத்தைச் சேர்ந்த சட்டக் கம்பெனிக்குப் போயிற்று. மளிகைச் சாமான் விற்கிற கூட்டுறவுக்காரர்கள் உயில் எழுதவும், வழக்கு நடத்தவும் வந்துவிட்டார்களே என்று சில பெரிய மனிதர்கள் முகம் சுளித்தார்கள். அரிசி பருப்பை அளந்து விற்கிறவன் அளவைக் குறைத்தால் தராசைப் பார்த்துக் கேட்கலாம். வக்கீல் பீசுக்குத் தராசு எங்கே இருந்தது?

அந்தத் தராசையும் 2018 டிசம்பரில் அங்கே ஏற்படுத்தினார்கள். வீட்டுக் கிரயம், இறந்தவர் சொத்தைப் பட்டுவாடா செய்தல், ஒரு லட்சம் பவுன் வரையுள்ள கடன் வசூல், தொழிலாளியை வேலையைவிட்டு நீக்கிய வழக்கு முதலிய சில குறிப்பிட்ட வேலைகளுக்குத் தாங்கள் வாங்கும் பீசு என்ன என்பதைச் சாலிசிட்டர் கம்பெனிகள் எல்லோருக்கும் தெரியும்படி வெளியிட்டே தீர வேண்டும் என்று விதி செய்யப்பட்டது. இந்த ஒரு காரியம் பத்து இயந்திரங்களைவிட மேலானது என்று நாம் கருதுகிறோம்.

அதே அதிகாரிகள் 2025 மே மாதத்தில் கார்பீல்டு என்னும் ஒரு கம்பெனிக்கு அனுமதி கொடுத்தார்கள். இதில் வேலை செய்வது முக்கியமாய் இயந்திரம். 10,000 பவுன் வரையுள்ள சிறு கடன்களை வசூலிக்க அது கடிதம் எழுதுகின்றது, சிறு வழக்குக் கோர்ட்டுக்கு வேண்டிய காகிதங்களையும் தயார் செய்கின்றது. 2 பவுனுக்கு ஒரு நினைவூட்டுக் கடிதம் என்று ஆரம்பித்தார்கள். நூறு பவுன் பாக்கியை வசூலிக்க இருநூறு பவுன் வக்கீலுக்குக் கொடுக்க வேண்டுமே என்று எத்தனையோ தச்சரும், கொத்தனாரும், சிறு கடைக்காரரும் வந்தது வரட்டும் என்று பாக்கியை விட்டுவிடுவது எந்தத் தேசத்திலும் உள்ள வழக்கம். அவர்களுக்கு இது அனுகூலமா இல்லையா? ஆனால் அனுமதி கொடுத்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டு கொடுத்துவிடவில்லை. கட்சிக்காரர் சம்மதம் இல்லாமல் இயந்திரம் அடுத்த காரியத்துக்குப் போகக் கூடாது. முன் தீர்ப்புகளை அது எடுத்துச் சொல்லவே கூடாது. தவறு நேர்ந்தால் பேர் தெரிந்த சாலிசிட்டர்கள் பொறுப்பேற்க வேண்டும் என்று ஏற்பாடு செய்துகொண்டே அனுமதித்தார்கள்.

முதலாளி நுழைந்த வீடு

இவைகளைக் கேட்டவுடன், அப்படியானால் கதவைத் திறந்துவிட்டால் போதும், பணம் போடுகிறவர்கள் வந்தால் போட்டி ஏற்படும், போட்டி ஏற்பட்டால் பீசு தானே இறங்கும் என்று சிலர் சொல்லக்கூடும். அவர்கள் ஆஸ்திரேலியாவில் நடந்ததையும் சற்றுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மெல்போர்ன் நகரத்தில் 1935-ல் ஏற்பட்டது ஸ்லேட்டர் அண்ட் கார்டன் என்னும் வக்கீல் கம்பெனி. தொழிலாளர் பக்கமும், கல்நார்த் தூசியால் நோய் கண்டவர்கள் பக்கமும் வழக்காடிப் பெயரெடுத்தது. 2007 மே மாதத்தில் உலகத்திலேயே முதல் முதலாகத் தன் பங்குகளைப் பங்குச் சந்தையில் விற்ற வக்கீல் கம்பெனி இதுதான். ஒரு டாலருக்கு விற்ற பங்கு 2015-ல் எட்டு டாலருக்குச் சமீபமாய் ஏறிற்று. ஏறிய விலையை நிலைநிறுத்த மேலும் மேலும் கம்பெனிகளை வாங்க வேண்டியதாயிற்று. 2015-ல் இங்கிலாந்தில் குவின்டெல் என்னும் கம்பெனியின் ஒரு பகுதியை 63 கோடியே 70 லட்சம் பவுன் கொடுத்து வாங்கினார்கள். அந்த வருஷத்தின் பிற்பாதி ஆறு மாதத்துக்கு மாத்திரம் 95 கோடி டாலருக்கு மேல் நஷ்டம் காட்ட நேர்ந்தது. பங்கு விலை விழுந்தது. 2017-ல் கம்பெனி கடன்காரர் கைக்குப் போயிற்று. தொழிலாளியின் வழக்கை நடத்தப் பிறந்த கம்பெனி, பங்குச் சந்தைச் சூதாட்டத்தின் சுமையைச் சுமந்து முறிந்தது.

அமெரிக்காவில் அரிஜோனா மாகாணம் வக்கீலல்லாதவர் சொந்தக்காரராகக் கூடாது என்ற விதியை 2021 ஜனவரி முதல் எடுத்துவிட்டது. 2025 பிப்ரவரியில் கே. பி. எம். ஜி. என்னும் பிரமாண்டமான கணக்குப் பரிசோதனைக் கம்பெனிக்கு அங்கே வக்கீல் கம்பெனி நடத்த அனுமதி கிடைத்தது. கூட்டுறவுச் சங்கமும் வக்கீலல்லாத சொந்தக்காரர்தான். கோடீசுவரக் கம்பெனியும் வக்கீலல்லாத சொந்தக்காரர்தான். இரண்டும் ஒன்றாகுமா? கதவைத் திறப்பது மாத்திரம் நன்மையுமல்ல, தீமையுமல்ல. திறந்த கதவு வழியாக யார் வருகிறார்கள், எந்த நிபந்தனையின் பேரில் வருகிறார்கள் என்பதுதான் விஷயம்.

இயந்திரத்தின் பொய்

இன்னொரு அபாயமும் இருக்கின்றது. எழுதிக் கொடுக்கின்ற இந்த இயந்திரம் பொய்யையும் மெய்யைப்போலவே நயமாக எழுதிக் கொடுக்கும். 2023-ல் நியூயார்க்கில் ஒரு விமானக் கம்பெனியின் பேரில் போட்ட வழக்கில், பிரயாணி தரப்பு வக்கீல்கள் சாட்ஜிபிடி கொடுத்த முன் தீர்ப்புகளைக் கோர்ட்டில் தாக்கல் செய்தார்கள். அப்படிப்பட்ட தீர்ப்புகள் உலகத்திலேயே இல்லை! ஜட்ஜ் 5,000 டாலர் அபராதம் போட்டார். லண்டன் ஐக்கோர்ட்டு 2025 ஜூனில் விசாரித்த ஒரு வழக்கில், எடுத்துக் காட்டப்பட்ட 45 முன் தீர்ப்புகளில் 18 இல்லவே இல்லாதவை என்று தெரிய வந்தது. அதில் விசேஷம் என்னவென்றால், அவைகளைத் தேடிக் கொடுத்தவர் கட்சிக்காரரே. சட்டம் படித்த சாலிசிட்டர் அவைகளைச் சரிபாராமல் அப்படியே நம்பித் தாக்கல் செய்திருந்தார்.

தோழர்களே! பெரியவர் சொன்னார் என்பதற்காக நம்புவதும், ஏட்டில் எழுதியிருக்கிறது என்பதற்காக நம்புவதும், இயந்திரம் சொல்லிற்று என்பதற்காக நம்புவதும் ஒரே ஜாதியைச் சேர்ந்த மூடநம்பிக்கைதான். இயந்திரத்துக்கு யோசனை கிடையாது, வெட்கம் கிடையாது, ஜெயில் பயமும் கிடையாது. ஆதலால் அதன் சொல்லுக்கு ஒரு மனிதன் கையெழுத்துப் போட்டுப் பொறுப்பேற்க வேண்டும். கேரள ஐக்கோர்ட்டு 2025 ஜூலையில் வெளியிட்ட விதிகளில், தன் கீழுள்ள கோர்ட்டுகளில் தீர்ப்பு முடிவு செய்ய இத்தகைய இயந்திரங்களை உபயோகிக்கக் கூடாது என்று சொல்லியிருப்பது சரியான காரியமே. தீர்ப்புக்கு ஜட்ஜ் எப்படிப் பொறுப்போ, அப்படியே மனுவுக்கு வக்கீல் பொறுப்பாயிருக்க வேண்டும்.

நமது நாட்டு நிலைமை

இனி நமது நாட்டுக்கு வருவோம். 1961-ம் வருஷத்து அட்வகேட்டுகள் சட்டத்தின் கீழ் இந்திய பார் கவுன்சில் செய்திருக்கும் விதிகள் நமக்கு நடக்கின்றன. அவ்விதிகளின்படி வக்கீல் விளம்பரம் செய்யக் கூடாது. வக்கீலல்லாதவரோடு வருமானத்தைப் பங்கு போட்டுக்கொள்ளவும் கூடாது. 2008-ல் சிறிது தளர்த்தி, இணையதளம் வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். அதில் பேர், விலாசம், படிப்பு, எந்த வகை வழக்கு நடத்துகிறார் என்பன போன்ற சில விவரங்களை மாத்திரம் போடலாம். அந்த ஜாபிதாவில் பீசு என்கிற பேச்சே கிடையாது. ஆக, இங்கிலாந்தில் சில வேலைகளுக்குப் பீசை வெளியிடாத வக்கீல் விதியை மீறினவராகிறார். இங்கே பீசைப் போட்டு விளம்பரம் செய்கிற வக்கீல் விதியை மீறினவராகிறார். எந்த முறை கட்சிக்காரனுக்கு அனுகூலமானது என்பதைச் சிறு பிள்ளையும் சொல்லும்.

2024 ஜூலையில் சென்னை ஐக்கோர்ட்டு, இணையதளங்களின் மூலமாக வக்கீல் பிடித்துக் கொடுக்கும் கம்பெனிகளின் பேரிலும், அவைகளின் வழியாக விளம்பரம் செய்துகொள்ளும் வக்கீல்களின் பேரிலும் நடவடிக்கை எடுக்க வேண்டுமென்று பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. வக்கீல் தொழில் வியாபாரமல்ல, வக்கீல்களுக்குச் சரக்கைப்போலத் தரம் போட்டு விற்கக் கூடாது என்பது அதன் கருத்து. தரகுக் கம்பெனிகள் பணம் வாங்கிக்கொண்டு ஒருவரை முதல் தரம் என்றும், மற்றொருவரை இரண்டாம் தரம் என்றும் எழுதுவது புரட்டு என்பதை நாமும் ஒப்புக்கொள்ளுகிறோம். ஆனால் பீசுப் பலகை மாட்டுவது அதுவல்லவே! தற்புகழ்ச்சி வேறு, விலையைச் சொல்லுவது வேறு. விளம்பரம் கூடாது என்று விதி இருப்பதனால் நம் கோர்ட்டு வாசல்களில் தரகர்கள் இல்லாமல் போய்விட்டார்களா? பகிரங்கமாகச் சொல்ல வேண்டியதைச் சொல்லவிடாமல் தடுத்தால், காதோடு காதாகச் சொல்லுகிறவனுக்குத்தான் பிழைப்பு.

வெளிநாட்டு வக்கீல் கம்பெனிகள் தங்கள் தேசத்துச் சட்டம் சம்பந்தமான வேலையை இங்கே வந்து செய்வதற்குப் பார் கவுன்சில் 2023 மார்ச்சில் விதி செய்தது. 2025 மே மாதத்தில் அதைத் திருத்தியும் வெளியிட்டது. பெரிய கம்பெனிகளின் ஒப்பந்த வேலைக்கு வழி செய்ய விதி எழுதக் கை வருகின்றது. பாகப்பிரிவினைக்கும், ஜீவனாம்சத்துக்கும், இரண்டு ஏக்கர் நிலத்து வரப்புத் தகராறுக்கும் கோர்ட்டுக்கு வருகின்ற ஏழைக்குப் பீசு இவ்வளவு என்று முன்கூட்டித் தெரிவிக்க விதி எழுத மாத்திரம் கை வரவில்லை.

நமது ஜில்லாக் கோர்ட்டுகளில் மணிக்கணக்குப் பீசு வழக்கமில்லை என்பது வாஸ்தவம். வழக்குக்கு இவ்வளவு என்று பேசி, பிறகு வாய்தாவுக்கு வாய்தா சில்லறையாகவும் கேட்பதுதான் அநேக இடங்களில் நடப்பது. ஆனால் இயந்திரம் இங்கேயும் வந்துவிட்டது. பிராது எழுதவும், முன் தீர்ப்புத் தேடவும், மொழிபெயர்க்கவும் நமது வக்கீல்களும் அதை உபயோகிக்கத் தொடங்கிவிட்டார்கள். சுப்ரீம் கோர்ட்டே இயந்திரத்தின் துணை கொண்டு தன் தீர்ப்புகளைத் தமிழ் முதலிய பாஷைகளில் மொழிபெயர்த்து வெளியிட்டு வருகின்றது. ஆகவே கேள்வி இங்கேயும் அதேதான். மிச்சம் யாருக்கு?

நாம் கேட்க வேண்டியது

நாம் அசாத்தியமானதைக் கேட்கவில்லை. முதலாவது, சாதாரண ஜனங்களுக்கு அடிக்கடி நேரும் வேலைகளுக்காவது, வக்கீல் தம்முடைய பீசை எழுத்து மூலமாய் முன்கூட்டித் தெரிவிக்க வேண்டும் என்று விதி ஏற்பட வேண்டும். இணையதளத்தில் போடக் கூடிய விவரங்களில் பீசையும் சேர்க்க வேண்டும். இயந்திரம் செய்த வேலை எது என்பதையும் கட்சிக்காரருக்குச் சொல்ல வேண்டும்.

இரண்டாவது, கட்சிக்காரரின் பேரில் தாக்கலாகும் ஒவ்வொரு காகிதத்துக்கும் தமிழில் ஒரு நகல் அவர் கையில் கொடுக்க வேண்டும். மொழிபெயர்க்க ஆளில்லை, நேரமில்லை என்பது நேற்று வரை சொல்லக் கூடிய சமாதானமாயிருந்தது. இன்று இயந்திரம் நிமிஷத்தில் மொழிபெயர்க்கின்றது. வக்கீல் அதைப் படித்துச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. தன் வழக்கில் தன் பேரால் என்ன எழுதியிருக்கிறது என்பது தனக்கே தெரியாமல் ஒருவன் கோர்ட்டில் கைகட்டி நிற்பதைவிட அவமானம் வேறென்ன இருக்கின்றது?

மூன்றாவது, புதிய இயந்திரம் முதலில் போக வேண்டிய இடம் பணக்காரக் கம்பெனிகளின் மாளிகையல்ல. இலவசச் சட்ட உதவி ஆபீசுகளே. 1987-ம் வருஷத்துச் சட்டப்படி பெண்கள், குழந்தைகள், ஆதிதிராவிடர், பழங்குடி மக்கள், ஆலைத் தொழிலாளர் முதலியவர்கள் அரசாங்கச் செலவில் வக்கீல் உதவி பெற உரிமையுள்ளவர்கள். இவ்வுரிமை இருப்பதே அவர்களில் பலருக்குத் தெரியாது. அந்த ஆபீசுகளில் நல்ல கருவியும், அதைச் சோதிக்கத் தெரிந்த வக்கீலும் இருந்தால் ஒரு நாளில் பத்துப் பேருக்கு ஆகிற வேலை நாற்பது பேருக்கு ஆகாதா?

நான்காவது, பணம் போடும் முதலாளிகளுக்குக் கதவைத் திறக்கும் விஷயத்தில் நாம் அவசரப்பட வேண்டியதில்லை. அப்படித் திறக்கிற காலம் வந்தால், கட்சிக்காரர் பணத்துக்குத் தனிக் காவலும், வக்கீலின் முதற்கடமை பங்குதாரருக்கல்ல, கட்சிக்காரருக்கே என்ற நிபந்தனையும், கூட்டுறவுச் சங்கங்களுக்கு முதல் இடமும் ஏற்படுத்திய பிறகே திறக்க வேண்டும்.

இப்படியெல்லாம் செய்தால் வக்கீல்கள் பிழைப்பது எப்படி என்று சிலர் கேட்கலாம். உலக்கை போய் மில் வந்த பிறகும் நெல் விளைந்துகொண்டுதான் இருக்கின்றது. அரிசி தின்கிறவர்கள் குறைந்துவிடவில்லை. பீசுக்குப் பயந்து கோர்ட்டுப் பக்கமே வராமல், அநியாயத்தைச் சகித்துக்கொண்டு வீட்டோடிருக்கிற ஜனங்கள் இந்நாட்டில் எத்தனையோ லட்சம் பேர். பீசு குறைந்து, முறை விளங்கினால் அவர்கள் வருவார்கள். யோக்கியமான வக்கீலுக்கு வேலை பெருகுமே தவிரக் குறையாது. குறையப்போவது, ஜனங்களின் அறியாமையைக் கொண்டே பிழைக்கிறவர்களின் வரும்படிதான். அதற்காக நாம் துக்கப்பட வேண்டியதில்லை.

விதி மாறுகிற வரையில் ஜனங்கள் சும்மாயிருக்க வேண்டும் என்பதும் இல்லை. இனி வக்காலத்தில் கையெழுத்துப் போடும் முன் ஒவ்வொருவரும் மூன்று கேள்வி கேட்கப் பழகிக்கொள்ள வேண்டும். ஆரம்ப முதல் முடிவு வரை பீசு எவ்வளவு என்று எழுதித் தருவீர்களா? என் பேரால் போடும் காகிதத்தைத் தமிழில் படித்துக் காட்டுவீர்களா? கம்ப்யூட்டர் எழுதியதானால் அதை நீங்கள் சரிபார்த்தீர்களா? இதைக் கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. கூலி கொடுக்கிறவர் கணக்குக் கேட்பது வழக்கந்தானே. ஒருவர் கேட்டால் கோபித்துக்கொள்ளும் வக்கீல், ஊரே கேட்கத் தொடங்கினால் பலகை மாட்டுவார்.